முதல் குழந்தை 31 வாரத்தில் பிறந்தது, இரண்டாவதுக்கு எப்போது தயாராகலாம்?

கரூர்ப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 26. என் மகன் 31 வாரத்தில் பிறந்தான். நடுராத்திரி பனிக்குடம் உடைந்தது, விடிவதற்குள் பிரசவம் ஆகிவிட்டது. எடை ஒன்றரைக் கிலோ. இன்குபேட்டர், ஆக்சிஜன், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு என எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். இப்போது பத்து மாதம் முடியப் போகிறது, நன்றாகத் தவழ்கிறான்.

மாமியார் அடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "ரெண்டையும் ஒண்ணா வளர்த்து எடுத்துட்டா வேலை முடிஞ்சது" என்கிறார். கணவர் எந்தப் பக்கமும் பேசுவதில்லை. எனக்கு அந்த ராத்திரியை நினைத்தாலே கை நடுங்குகிறது. ஏன் அப்படி ஆனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். வளைகாப்பு முடிந்து ஸ்கூட்டரில் போனாள், பப்பாளி தின்றாள், கையைத் தூக்கித் துணி காயப்போட்டாள். டாக்டர் "சிலருக்கு அப்படி ஆகும்மா" என்றதோடு சரி.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா? மறுபடியும் அப்படியே ஆகுமா? பால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் வேறு தடுப்பு எதுவும் இல்லை. போன மாதம்தான் மாதவிலக்கு திரும்ப வந்தது.

இரட்டைவால்:

அவசரப்படாதீர்கள் தோழி. மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீட்டில் மரியாதை. குழந்தைக்கு வாழ்த்துகள்.

நர்ஸம்மா:

கண்ணு, நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீ கேட்ட மூன்று கேள்விக்கும் முன்னால், கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்ப வந்திருக்கக் கூடாது. உனக்கு மூன்றுமே போய்விட்டது. இந்த மாதமே நின்றுவிடலாம். நீ இங்கே இடைவெளி பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது உன் கையை விட்டுப் போய்விடும். முதலில் ஆணுறையாவது வாங்கச் சொல்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரு குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்தே அடுத்த கருவுக்கு முயல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2005இல் சொன்னது. அதாவது இரண்டு பிரசவங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம். 18 மாதத்துக்குள் அடுத்த கரு நின்றால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் நிற்பது எல்லாவற்றிலும் மோசம். ஒரு பிரசவத்தில் உடம்பிலிருந்து போகும் இரும்பும் ஃபோலேட் என்ற வைட்டமினும் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதில்லை, பால் கொடுக்கும் காலத்தில் இன்னும் போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. என் சப்-சென்டரில் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாலே தெரியும், கணக்கெடுப்பு வேண்டியதில்லை.

மண்வாசனை:

எனக்கு இதில் சந்தேகம் உண்டு. என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள், எல்லாம் ஒன்றரை வருட இடைவெளிதான். வயல் வேலையும் பார்த்தார், குறைமாதம் என்று ஒன்றுமில்லை. இடைவெளி, திட்டமிடல் என்றெல்லாம் சொல்லிப் பிள்ளை பெறுவதையே ஒரு வியாதி மாதிரி ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பரிசோதனைக் கூடமா இருந்தது?

நர்ஸம்மா:

தம்பி, பாட்டியிடம் உட்கார்ந்து "பிறந்து தவறிப்போனது எத்தனை" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பதிவேடு எழுதியவள். "எத்தனை பிள்ளை?" என்றால் ஐந்து என்பார்கள். "எத்தனை பிரசவம்?" என்று மாற்றிக் கேட்டால் எட்டு, ஒன்பது என்று வரும். நடுவில் உள்ளதை யாரும் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

லேபர்வார்டு:

அரசு மருத்துவமனை ஒன்றில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். கேள்வி கேட்ட சகோதரிக்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இது பொதுவான தகவல்தான், உங்கள் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் யாரும் உங்களுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது.

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைமாதம். 2020இல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அதில் 30 லட்சம் இந்தியாவில், வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆகவே "எனக்கு மட்டும் ஏன்" என்று நினைக்க வேண்டாம். நாம் நடத்தும் எந்த வார்டிலும் இது அன்றாடம்.

குறைமாதப் பிரசவம் இரண்டு வகை. வலி தானாக வருவதும் உங்களுக்கு ஆனதுபோல் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் முதல் வகை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, குழந்தை வளரவில்லை, நஞ்சுக்கொடியில் ரத்தப்போக்கு என்று டாக்டர்களே முடிவெடுத்துக் குழந்தையை வெளியே எடுப்பது இரண்டாம் வகை. எல்லாக் குறைமாதப் பிரசவங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான். அடுத்த முறைக்கு என்ன செய்வது என்பது நீங்கள் எந்த வகை என்பதைப் பொறுத்தது. இரண்டாம் வகை என்றால் கருத்தரிக்கும் முன்பே பி.பி.யைச் சரிசெய்து, கர்ப்பத்தின் 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது பற்றி யோசிப்போம். முதல் வகை என்றால் தொற்றும் கர்ப்பப்பை வாயும்தான் எங்கள் கவலை. ஆனால் வெளிநோயாளியாக வரும் பத்துப் பேரைக் கேட்டால் "குறைமாசம்தான் டாக்டர், ஏன்னு தெரியாது" என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பரணில் கிடக்கும், அல்லது எலி தின்றிருக்கும். தயவுசெய்து உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

மறுபடியும் ஆகுமா என்று கேட்டீர்கள். ஒருமுறை குறைமாதத்தில் பிறந்தது என்பது இருக்கிற ஆபத்துக் காரணிகளில் பெரியவற்றில் ஒன்று. மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதை மறைக்க மாட்டேன். அப்படியிருந்தும் உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த குழந்தை நிறைமாதத்தில்தான் பிறக்கிறது.

மண்வாசனைக்கு ஒன்று. நீங்கள் சந்தேகப்பட்டதில் ஒரு நியாயம் உண்டு, ஆனால் நீங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. சீக்கிரம் கரு நிற்கும் பெண்கள் பெரும்பாலும் ஏழைகள், வயதில் சிறியவர்கள். ஆகவே கெடுதல் இடைவெளியால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று பிரிக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே தாயின் வெவ்வேறு பிரசவங்களை ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வில், இடைவெளியின் பாதிப்பு முன்பு நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அங்குள்ள பெண்களின் ரத்தமும் சாப்பாடும் வேறு. 26 வயதில், ரத்தசோகை சாதாரணமாக இருக்கிற ஊரில், காத்திருப்பதால் இழப்பது எதுவுமில்லை. இதே கேள்வியை 38 வயதுப் பெண் கேட்டால் நான் 24 மாதம் என்று சொல்ல மாட்டேன், அங்கே வயதே ஒரு காரணி.

மண்வாசனை:

சரி டாக்டர், ஏற்றுக்கொள்கிறேன். பாட்டி இப்போது இல்லை, பெரியம்மாவிடம் கேட்டேன். இரண்டு தவறியிருக்கிறதாம். எனக்கு இன்றுவரை தெரியாது.

புதுப்பெண்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கல்யாணம் ஆகி நான்கு மாதம், குழந்தை இன்னும் இல்லை. முதல் குழந்தைக்கும் இப்படி முன்கூட்டியே ஏதாவது பார்க்க வேண்டுமா? நாள் தள்ளிப்போனால்தானே பி.எச்.சி.யில் பதிவு செய்வார்கள்?

நர்ஸம்மா:

நல்ல கேள்வி, நம் ஏற்பாட்டில் உள்ள ஓட்டை இதுதான். கர்ப்பிணிகளுக்குத் தரும் பிக்மி பதிவு எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம், மாதம் 9ஆம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை, எல்லாமே கரு நின்ற பிறகு. பெண் எங்களிடம் வரும்போது எட்டு வாரம், பத்து வாரம் ஓடியிருக்கும். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆன குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது அவளுக்கே தெரியாது தான் கர்ப்பம் என்று. அதனால்தான் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கச் சொல்கிறோம். அது தண்டுவடக் குறைபாட்டுக்கு, குறைமாதத்துக்கு என்று நேராகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாத்திரைக்காக வருகிறவளுக்கு மற்றதெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

நீ போய் ரத்தம் கொடு. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. பி.பி. பார்க்கச் சொல். எடையும் உயரமும் பார். 150 சென்டிமீட்டர் உயரம் உள்ளவள் 42 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு, அதுவும் குறைமாதத்துக்கு ஒரு காரணி. அதிக உடல் பருமன் இன்னொரு பக்கம். வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறாயா? பி.பி. மாத்திரைகளில் சிலவும் வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் கருவுக்கு ஆகாது. ஆனால் நீயாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

வேண்டாத நேரத்தில் நின்றுவிட்டால் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கம் இப்போது புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம் நிறைய. பாதியில் நின்று ரத்தம் கொட்டி, கடைசியில் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி வரை போகும். திரும்பத் திரும்ப அப்படிச் சுரண்டினால் கர்ப்பப்பை வாய்க்குக் கெடுதல், அடுத்த பிரசவம் குறைமாதமாகும் வாய்ப்பு கூடும். ஆணுறைக்கு வெட்கப்பட்டு இதற்கு வெட்கப்படாமல் போகிறார்கள்.

பனியன்ஊர்:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பேசுவதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குச் சரி. நான் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, மேலே தகரக் கூரை. பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் நாங்கள் எல்லோரும் தண்ணீரே குடிக்க மாட்டோம். ஏழாவது மாதத்தில் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல், அப்படியே வலி வந்துவிட்டது. என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேருக்கும் இதே கதை. நாங்கள் எதைத் திட்டமிடுவது?

லேபர்வார்டு:

பனியன்ஊர் அக்கா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையது. சிறுநீரில் கிருமி இருப்பது பலருக்கு எரிச்சலோ வலியோ இல்லாமலே இருக்கும். கர்ப்பத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சலாக மாறும், அந்தக் காய்ச்சலில் வலி தொடங்கிவிடும். அதைத் தடுப்பதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ஒரு யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, கிருமி இருந்தால் சில நாள் மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் பல இடங்களில் சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கல்ச்சர் என்று கேட்டு வாங்குங்கள்.

வெயிலைப் பற்றி நீங்கள் சொன்னதும் வெறும் புலம்பல் இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். செங்கல் சூளை, வயல், உப்பளம் என்று வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இதைக் கர்ப்பிணி எப்படித் திட்டமிட முடியும்? நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் முதலாளி திட்டமிட வேண்டியவை. எங்கள் துறைக்காரர்கள் "ரிஸ்க் ஃபேக்டர்" என்று எழுதும்போது எல்லாவற்றையும் பெண்ணின் உடம்புக்குள்ளேயே தேடுகிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு.

தஞ்சாவூர்அப்பா:

ஆண்கள் யாரும் எழுதவில்லையே, ஒன்று சொல்கிறேன். எங்கள் மகள் 30 வாரத்தில் வந்தவள். அடுத்ததற்குப் போகும் முன் டாக்டர் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். நான் புகைப்பிடிப்பவன். வீட்டுக்குள் பிடிக்கிற புகை கர்ப்பிணிக்கும் போகும், அது குறைமாதத்துக்கும் எடை குறைவுக்கும் சம்பந்தப்பட்டது என்று சொன்னார். என் மாமியார் வீட்டில் இன்னும் விறகடுப்புதான், அந்தப் புகையும் அப்படித்தானாம். அம்மாவிடம் "ரெண்டு வருஷத்துக்குப் பேச்சே எடுக்காதீங்க" என்று சொன்னது நான்தான், மனைவி அல்ல. கரூர்த் தங்கையின் கணவர் இதைப் படித்தால்: தம்பி, அந்தப் பேச்சை நீங்கள் பேசாவிட்டால் அவர் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கங்காரு முறை என்பார்கள். அப்பாக்களும் செய்யலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் 1970களின் கடைசியில் எட்கர் ரேய் என்ற டாக்டர் தொடங்கியது, இப்போது குறைமாதக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது.

இரட்டைவால்:

எனக்கு ஐ.வி.எஃப். மூலம் இரட்டையர், 34 வாரம். அதையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் இன்று தெருவுக்கு ஒரு கருத்தரிப்பு மையம் இருக்கிறது. எங்களிடம் இரண்டு கருவை வைக்கலாமா என்று கேட்டபோது "ஒரே செலவில் ரெண்டு பிள்ளை" என்று சந்தோஷமாகத் தலையாட்டினோம். இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கின்றன என்று அப்போது யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஒற்றைக் கரு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தை உறைய வைத்து அடுத்த முறை பயன்படுத்தலாம். இதையும் கர்ப்பத்தைத் திட்டமிடுவதில் சேருங்கள்.

காவேரிக்கரை:

எங்கள் ஊரில் ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை பிழைக்காது என்பார்கள். அதனால் வலி வந்தால் ஏழிலேயே பெற்றுவிட வேண்டுமாம். இது உண்மையா?

லேபர்வார்டு:

இல்லவே இல்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். 30 வாரத்துப் பிள்ளையைவிட 34 வாரத்துப் பிள்ளைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். இதே நம்பிக்கை பழைய கிரேக்க மருத்துவர்களிடமும் இருந்தது, ஆக நம் ஊர்ப் பாட்டிகளை மட்டும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் இதை நம்பி 31 வாரத்தில் வலி வந்தவளை "வரட்டும் விடு" என்று வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் கோபம்.

பப்பாளி, ஸ்கூட்டர், துணி காயப்போட்டது, மாடிப்படி ஆகியவற்றையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நன்கு பழுத்த பப்பாளியைச் சாப்பிட்டதால் 31 வாரத்தில் பனிக்குடம் உடையாது. கையைத் தூக்கினால் கொடி சுற்றும் என்பதும் கதைதான். அதே போல் "அடுத்த முறை ஒன்பது மாதமும் படுத்தே இரு" என்பார்கள். படுத்துக்கிடப்பதால் குறைமாதம் தடுக்கப்படுவதாக ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறைவதும் தசை தளர்வதும்தான் மிச்சம்.

மழைக்காலம்:

எல்லாம் படித்தேன். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் எல்லாவற்றையும் செய்தேன். மூன்று வருட இடைவெளி, ஃபோலிக் அமிலம், ஹீமோகுளோபின் 12க்கு மேல், தைராய்டு சரி, பல் டாக்டர் வரை போய் வந்தேன். ஆனாலும் 33 வாரத்தில் பிறந்தான். "திட்டமிட்டால் தடுக்கலாம்" என்று நீங்கள் எழுதும்போது, எங்களைப் போன்றவர்கள் ஏதோ தப்பு செய்தவர்கள்போல் ஆகிவிடுகிறது.

லேபர்வார்டு:

நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. தானாக வலி வந்து குறைமாதத்தில் பிறக்கும் பிரசவங்களில் பாதிக்கு மேல் எங்களால் காரணம் காட்ட முடியாது. ஆபத்துக் காரணி ஒன்றுகூட இல்லாத பெண்ணுக்கும் வரும், பத்து இருப்பவளுக்கு வராமலும் போகும். காரணிகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை, உங்களைப் பற்றித் தீர்ப்பு சொல்பவை அல்ல.

எதை மாற்ற முடியும் என்பதிலும் நான் பெரிதாகச் சத்தியம் செய்ய மாட்டேன். ஈறு நோய் உள்ளவர்களுக்குக் குறைமாதம் அதிகம் என்று தெரிந்ததும் கர்ப்பத்தில் ஈறுக்கு வைத்தியம் செய்து பார்த்தார்கள், பெரிய ஆய்வுகளில் குறைமாதம் குறையவில்லை. சில வருடம் முன்பு வரை குறைமாதம் ஆனவர்களுக்கு வாரம் ஒரு புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் ஊசி போட்டார்கள். பலனில்லை என்று அமெரிக்காவில் 2023இல் அதற்கான அனுமதியையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இன்று நிற்பது, கர்ப்பப்பை வாயின் நீளத்தைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் 16லிருந்து 24 வாரத்துக்குள் பார்ப்பது. 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன், சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல்.

அப்புறம், திட்டமிடல் என்றாலே தடுப்பது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வந்துவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. குழந்தையின் நுரையீரல் விரிய உதவும். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இலேயே இந்த வகை ஊசியின் பலனைக் காட்டிவிட்டார்கள், விலையும் மிகக் குறைவு. ஆனால் வேலை செய்ய அதற்கு நேரம் வேண்டும். முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே ஒரு நாளாவது கிடைத்தால் பலன் முழுதாக இருக்கும். வலி முற்றிய பிறகு ஓடி வருகிறவளுக்கு நான் எதைக் கொடுத்து என்ன?

குறைமாதம் ஒருமுறை ஆனவர்கள், இரட்டையர் சுமப்பவர்கள், பி.பி. உள்ளவர்கள், ஆறாவது மாதத்திலேயே எந்த மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத இடத்தில் பிறந்து குழந்தையை ஆம்புலன்ஸில் மாற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை மாற்றுவது நல்லது. தாயின் வயிறுதான் உலகத்திலேயே நல்ல இன்குபேட்டர். வயிறு விட்டு விட்டு இறுகுவது, இடுப்பின் கீழே விடாத வலி, தண்ணீர் கசிவது, ரத்தம், வெள்ளைப்படுவது திடீரென மாறுவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம்:

நன்றி டாக்டர். இப்போது யோசித்தால் எனக்கு அந்த ஊசி முழுதாகப் போட்டிருந்தார்கள், முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்திருந்ததால்தான். அவனுக்கு வென்டிலேட்டர் தேவைப்படவில்லை.

பனியன்ஊர்:

கண் பரிசோதனையை யாரும் சொல்லவில்லையே. என் மகளுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு மாதத்துக்குள் கண் பார்க்கச் சொன்னார்கள், நாங்கள் மறந்தே போயிருப்போம், நர்ஸ் போன் பண்ணினார். 34 வாரத்துக்கு முன் பிறந்ததும் இரண்டு கிலோவுக்குக் குறைந்ததும் கட்டாயம் பார்க்க வேண்டுமாம், விட்டால் பார்வையே போகலாம். கரூர்த் தங்கை, பார்த்துவிட்டீர்களா?

கரூர்ப்பொண்ணு:

கண் பார்த்தாகிவிட்டது அக்கா, நார்மல் என்று சொன்னார்கள்.

எல்லோருக்கும் நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். அதில் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது என்று எழுதியிருக்கிறது. யூரின் கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கிறது, ஈ.கோலை என்று போட்டிருக்கிறார்கள். அட்மிஷன் போட்டபோது ஹீமோகுளோபின் 8.6. இதில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சில நாளில் நிறுத்திவிட்டேன், மலச்சிக்கலாக இருந்தது. கணவரிடம் இந்த இழையை முழுதாகப் படிக்கக் கொடுத்தேன். தஞ்சாவூர் அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தார். மாமியாரிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி எதில் ஆரம்பிப்பது? தடுப்புக்கு காப்பர்-டியா, ஊசியா?

லேபர்வார்டு:

8.6 மிகக் குறைவு. இந்த வாரமே மறுபடி பாருங்கள். கர்ப்பம் இல்லாதபோது 12 இருக்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் வேறு வகைக்கு மாற்றச் சொல்லலாம், தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும், உடம்பில் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும். அடுத்த முறை நாள் தள்ளியதும் வாருங்கள். யூரின் கல்ச்சரை முதல் சந்திப்பிலேயே எழுதச் சொல்லுங்கள், கர்ப்பப்பை வாய் ஸ்கேனுக்கு 16 வாரத்திலிருந்து. கிருமிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கண்காணிக்க ஒன்று கிடைத்திருக்கிறது.

நர்ஸம்மா:

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு போடு. டீ, காபியோடு போடாதே, கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காதே. வயிறு புரட்டினால் ராத்திரி படுக்கும் முன் போட்டுக்கொள்.

காப்பர்-டியை வெளியே எடுத்த உடனே மறுபடி கரு உண்டாகலாம், அது நல்லது. ஆனால் முதல் சில மாதம் போக்கு அதிகமாக இருக்கலாம், உன் ரத்தம் இருக்கும் நிலையில் அதைப் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போக்கு குறையும், பால் கொடுப்பவர்களும் போடலாம். அதில் ஒரு சங்கதி, நிறுத்திய பிறகு கரு நிற்கத் தாமதமாகும், கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். உனக்கு இன்னும் 14 மாதம் கணக்கு இருக்கிறது, ஆகவே அதையும் யோசித்துப் பார். சாயா மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் கிடையாது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. எது என்று டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். போவதற்கு முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டுப் போ. இந்த மாதம் நாள் எப்போது வர வேண்டும்?

கரூர்ப்பொண்ணு:

வரும் செவ்வாய்க்கிழமை அம்மா.

நர்ஸம்மா:

சரி. செவ்வாய் தாண்டினால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதே, நேராகப் போய்ப் பார்.